சேதுக்கடலில் ஓடிய கப்பல்

சென்னை எழும்பூர் நிலையத்தில் மாலை வேளையில் வண்டியேறி, இரவெல்லாம் சோழநாட்டு வயல்களைக் கடந்து, விடிந்தபின் சேதுநாட்டுப் பொட்டலையும் உடைமரக் காட்டையும் பார்த்துக்கொண்டே சென்று, பாம்பன் பாலத்தின்மேல் ஊர்ந்து, பிற்பகலில் தனுஷ்கோடித் துறைமேடையில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் காத்திருக்கும் இலங்கை ரயிலில் உறங்கி எழுந்தால், மூன்றாம் நாள் காலையில் கொழும்பு நகரத்தில் இருக்கலாம் என்ற ஒரு காலம் இருந்தது. இவ்வளவுக்கும் எழும்பூரில் வாங்கிய பிரயாணச் சீட்டு ஒன்றே போதும். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வாழ்ந்த நம் முந்தைய தலைமுறையினர் இந்த வண்டியைப் ‘போட் மெயில்’ என்றே அழைத்தார்கள். கால அட்டவணையில் இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்று அச்சிட்டிருந்ததை யாரும் வாயால் சொன்னதில்லை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் கடல் ஏறத்தாழ 22 மைல்தான்; கப்பலுக்கு அது சுமார் இரண்டு மணி நேர வேலை. இந்தச் சிறு தூரத்தைக் கடப்பதற்கென்று ஒரு நூற்றாண்டுக் காலமாக எத்தனை கம்பெனிகள் தோன்றின, எத்தனை சட்டங்கள் பிறந்தன, எத்தனை முறை சேவை தொடங்கி நின்றது என்று எண்ணிப் பார்க்கும்போது, இதற்கு நேர்ந்த இடையூறுகளில் அலையினால் விளைந்தவை சிலவே என்பதும், கரையில் இருந்த மனிதர்களால் விளைந்தவையே பல என்பதும் தெளிவாகின்றன.

முதலில் கடலின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். பாக்கு நீரிணைக்குப் பெயர் தந்தவர், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவர். அவர் பெயரைத் தாங்கிய நீரோ பெருங்கப்பல்களை ஏற்றுக்கொள்ளாத ஆழமற்ற நீர். தனுஷ்கோடி முனையிலிருந்து மன்னார்த் தீவு வரையில் வரிசையாகக் கிடக்கும் மணல் தீடைகளில் சில இடங்களில் மனிதன் நின்றே கடக்கலாம். அத்தீடைகளும் ஓராண்டு இருந்த இடத்தில் மறு ஆண்டு இருக்குமென்று உறுதி சொல்ல முடியாது. மேற்கிலிருந்து வங்கத்துக்குச் செல்லும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான். ஆயினும் இந்தக் கடல் ஒருநாளும் வெறுமையாகக் கிடந்ததில்லை. தோணியும் வள்ளமும் சங்கு குளிப்போர் படகும் மீன்வலையும் அரிசி மூட்டையும் புகையிலைச் சிப்பமும் இதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சென்றுகொண்டே இருந்தன.

சென்னையிலிருந்து இலங்கை செல்வது 1914க்கு முன் எளிய காரியமாக இருக்கவில்லை. அடையாற்றின் தென்கரையில் 1882ஆம் ஆண்டு முதல் தலைமை நிலையம் கொண்ட பிரம்மஞான சங்கத்தின் தலைவர் கர்னல் ஆல்காட், பௌத்தப் பள்ளிகளை நிறுவுவதற்காக அடிக்கடி இலங்கை சென்றுவந்தவர். அந்நாளில் சென்னையில் கப்பலேறுவதென்றால், கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, நுரைத்து மறியும் அலைகளைத் தாண்டி, தொலைவில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலை அடையவேண்டும். அவ்வலைகளை அடக்குவதற்காகக் கட்டிய துறைமுகச் சுவர்களை முடிவுறும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயல் தகர்த்துவிட்டது. எனவே, வசதி தேடியவர்கள் ரயிலில் தூத்துக்குடி வரை சென்று அங்கே கப்பலேறினார்கள். அத்துறைக்கு 1876லேயே ரயில் வந்துவிட்டது. அங்கும் கடல் ஆழமற்றதாகையால் கொழும்புக் கப்பல் கரையிலிருந்து சுமார் ஐந்து மைலுக்கு அப்பால் நிற்கும். சிறு படகில் அத்தனை தூரம் குலுங்கிச் சென்று, பிறகு இரவெல்லாம் திறந்த கடலில் ஆடிக்கொண்டு போகவேண்டும்.

வேறொரு வழியாக வந்த பிரயாணி ஒருவரைச் சென்னை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம் என்று தரைவழியே சென்று, யாழ்ப்பாணத்தில் கப்பலேறி 1897 ஜனவரி 26ஆம் நாள் பாம்பனை அடைந்தார். கரையில் அவரை எதிர்கொண்டவர் இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி. சேதுவுக்குச் செல்லும் வழியைக் காப்பதையே பட்டப்பெயராகக் கொண்டு, யாத்திரிகருக்குச் சத்திரங்கள் கட்டிவைத்த குலத்தில் வந்தவர் அவர். ஆகவே அந்த வரவேற்பு அவருக்கு இயல்பான கடமையும் ஆயிற்று. பிப்ரவரி 6ஆம் நாள் எழும்பூரில் வந்திறங்கிய சுவாமிகள் கடற்கரை ஐஸ் ஹவுஸ் மாளிகையில் தங்கினார். அவ்வாண்டிலேயே அங்குத் தொடங்கிய ஸ்ரீராமகிருஷ்ண மடம் பின்பு மயிலாப்பூருக்கு வந்தது. மடத்தின் வரலாற்றை எழுதுவோர் சிகாகோவிலிருந்து தொடங்குகிறார்கள். பாம்பன் கரையிலிருந்து தொடங்கினாலும் பிழையில்லை என்பது என் எண்ணம்.

தூத்துக்குடி-கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் போட்டியின்றி ஆண்டுவந்த கதையும், அதை எதிர்த்து வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்த கதையும் தமிழ்நாட்டார் அனைவரும் அறிந்தவை. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். வாடகைக்குப் பேசியிருந்த கப்பல்களை வெள்ளைக் கம்பெனியார் பின்னின்று தடுத்தபோது, பிள்ளையவர்கள் சொந்தமாகவே கப்பல் வாங்கத் துணிந்து ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டைக் கொண்டுவந்தார். இதை நாட்டுப்பற்றின் வரலாறாக மட்டும் படிக்கிறோம். கப்பல் தொழிலின் வரலாறாகவும் படித்தால் ஓர் உண்மை புலனாகும். குறுகிய கடலில் கப்பல் ஓட்டுகிறவனுக்குக் கட்டணமே உயிர்நிலை. பிரிட்டிஷ் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனியார் மேலும் குறைத்தார்கள். பிறகு வெள்ளையர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாக அறிவித்து, ஏறியவர் கையில் குடை ஒன்றும் கொடுத்ததாகச் சொல்வார்கள். நூறு கப்பல் வைத்திருப்பவன் ஒரு வழியில் வரும் நஷ்டத்தை மற்ற வழிகளில் ஈடுகட்டிக்கொள்வான். இரண்டே கப்பல் வைத்திருப்பவனுக்கு அந்த வாய்ப்பில்லை. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1912 இறுதியில் அவர் விடுதலையாகி வெளிவருவதற்குள் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

அவர் வெளிவந்த வேளையில் வடக்கே பாம்பன் கால்வாயில் வேறொரு வழி உருவாகிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902லேயே ரயில் போடப்பட்டிருந்தது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள கால்வாயின்மேல் 1911ல் தொடங்கிய பாலம் 145 கண்களோடு, 6,700 அடிக்கு மேற்பட்ட நீளத்தில், 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. அப்பாலத்தின் நடுவே, கப்பல் வரும்போது இரு கைகளையும் உயர்த்துவதுபோல் பிளந்து எழும் ஒரு பகுதி உண்டு. ஷெர்ஸர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பெயரால் வழங்குவது. நீராவியோ மின்சாரமோ இல்லாமல், ஆட்கள் நெம்புகோலைச் சுற்றியே அதைத் திறந்து மூடினார்கள். ரயிலும் கப்பலும் ஒரே இடத்தில் குறுக்கிட்டால் யார் காத்திருப்பது என்ற வழக்கு அன்றாடம் எழும் இடம் அது. காற்று ஓர் அளவுக்குமேல் வீசினால் இருவருமே காத்திருக்கவேண்டும்.

கடல் முழுவதையும் பாலத்தாலேயே கடந்துவிடலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் எழாமல் இல்லை. தீடைகளின்மேல் கரைபோட்டு, இடையிடையே பாலம் கட்டி, சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே இருப்புப்பாதை அமைப்பது அந்த யோசனை. செலவை எண்ணித் துரைத்தனத்தார் பின்வாங்கினர். செலவைப் பொருட்படுத்தாமல் கட்டியிருந்தாலும் ஒரு வேடிக்கை மிஞ்சியிருக்கும். தென்னிந்திய ரயில்வேயின் இப்பாதை மீட்டர் அகலமுள்ளது; இலங்கைப் பாதையோ ஐந்தரையடி அகலம். பெரிய தேசத்தின் வண்டி சிறியது. சிறிய தீவின் வண்டி பெரியது. பாலம் கட்டியிருந்தாலும் நடுவழியில் எங்கோ ஒரு நிலையத்தில் இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். கப்பலில் மாறுவது அதைவிட மேல் என்று அவர்கள் கருதியிருக்கலாம்.

கப்பல்கள் மூன்று, ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கட்டப்பட்டு வந்தன. ‘கர்சன்’, ‘எல்கின்’, ‘ஹார்டிஞ்ச்’ என்று வைஸ்ராய்களின் பெயரைத் தாங்கியவை. பின்னாளில் அவற்றின் இடத்துக்கு வந்த ‘இர்வின்’, ‘கோஷன்’ இரண்டில் முந்தையது வைஸ்ராய் பெயர். பிந்தையது 1924 முதல் 1929 வரை சென்னையில் கவர்னராயிருந்தவர் பெயர். சுதந்திரம் வந்து, சென்னை வீதிகளின் பெயரை எல்லாம் மாற்றுவது பற்றி மேடைகளில் முழங்கியபோதும், சேதுக்கடலில் இர்வின் துரை நாள்தோறும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்.

இந்தக் கப்பல் சேவையை அமைத்தவர்களின் நுண்ணறிவு கப்பலைக் காட்டிலும் துறைமேடையிலேயே விளங்கியது. தனுஷ்கோடி நிலம் ஒரு நீண்ட மணற்குச்சு. அதன் வடபுறம் பாக்கு விரிகுடா. தென்புறம் மன்னார் வளைகுடா. சாஸ்திரம் பயின்றவர்கள் ஒன்றை மஹோததி என்றும் மற்றொன்றை ரத்னாகரம் என்றும் சொல்லிச் சேதுஸ்நானம் செய்தார்கள். மீனவரோ வடக்கிலிருப்பதைப் பெண்கடல் என்றும், தெற்கிலிருப்பதை ஆண்கடல் என்றும் வழங்குகிறார்கள். சோழகக் காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும்போது பெண்கடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாகும். பெண்கடல் சீறும், ஆண்கடல் ஓய்ந்திருக்கும். ஆகவே, வடபுறத்தில் ஒரு துறைமேடையும் தென்புறத்தில் ஒரு துறைமேடையும் அமைத்து, பருவத்துக்கேற்ப அடங்கியிருக்கும் கடலிலிருந்து கப்பலை விட்டார்கள். இரண்டு பருவக்காற்றுகளின் ஆட்சிக்கு உட்பட்ட கடலில் ஆண்டு முழுவதும் சேவை நடத்துவதற்கு இதனினும் எளிய, இதனினும் சிறந்த உபாயம் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தனுஷ்கோடி என்ற இடத்தைத் தேர்ந்ததற்குப் புராணச் சிறப்பு காரணமன்று. இரு கடலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே காரணம்.

இவ்வாறு கடலை வென்றவர்கள் கரையில் செய்தது என்ன? அதற்கு மண்டபம் முகாமைப் பார்க்கவேண்டும்.

போட் மெயிலில் சென்றவர்கள் எல்லோரும் கச்சேரிக்குப் போகும் வித்துவான்களும் வழக்குக்குப் போகும் வக்கீல்களும் வட்டிக்கடைச் செட்டியார்களும் என்று நினைத்தல் தவறு. கப்பலின் கீழ்த்தட்டில் நெருக்கியடித்துச் சென்றவர்களே மிகுதி. அவர்கள் இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளால் திரட்டப்பட்ட கூலி ஜனங்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிப் புறப்பட்டவர்கள். ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்ற காலங்களும் உண்டு. கப்பலும் ரயிலும் வருவதற்கு முன் இவர்களுடைய பாட்டன்மார் தோணியில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து வடக்குப் பாதையென்று வழங்கிய காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து கண்டிச்சீமையை அடைந்தார்கள். வாந்திபேதியும் குளிர்சுரமும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அதனோடு ஒப்பிட்டால் 22 மைல் கப்பலும் ரயிலும் பெருங்கருணை என்றே சொல்லவேண்டும்.

ஆனால் அந்தக் கருணைக்கு முன்னே ஒரு வேலி இருந்தது. பிளேக், அம்மை, காலரா ஆகிய நோய்கள் தம் தீவுக்குள் வராதிருக்கும்பொருட்டு இலங்கைச் சர்க்கார், இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில் ஒரு முகாமை அமைத்துத் தாமே நடத்திவந்தது. முன்பு தூத்துக்குடிக்கருகே தட்டப்பாறையில் இருந்த முகாமின் வேலையை இது ஏற்றுக்கொண்டது. தோட்டத்துக்குச் செல்லும் குடும்பங்கள் சில நாள்கள் அங்கே தங்கி, மூட்டை முடிச்சுகளை ஆவியில் இட்டு, அம்மைப்பால் குத்திக்கொண்டு, வைத்தியர் விட்டால்தான் கப்பலேறலாம். அவர்கள் கழுத்தில் தோட்டத்தின் பெயரும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. தவறான இடத்தில் இறங்கிவிடாமல் காப்பதற்கென்று சொல்லப்பட்ட அந்தத் துண்டு, மூட்டைக்கு ஒட்டும் சீட்டை ஒத்ததேயாகும். மேல்வகுப்புப் பிரயாணிகளைப் பரிசோதித்த முறை வேறு. அவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அன்றைக்கே கடலைக் கடந்தார்கள். நோய்க்கிருமிக்கு வகுப்பு வேற்றுமை தெரியுமென்று அக்காலத்துச் சுகாதார உத்தியோகஸ்தர்கள் உறுதியாக நம்பினார்கள் போலும்.

தொழிலாளர் செல்வதை இந்தியச் சர்க்கார் 1939 ஆகஸ்டில் தடுத்தது. இலங்கையில் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியதற்கு எதிர்நடவடிக்கை அது. ஒரு கையெழுத்தினால் கீழ்த்தட்டு காலியாயிற்று.

சென்னைக்கு இந்த வழியால் வந்த லாபம் பணத்தால் அளக்கத் தக்கதன்று. மட்டக்களப்புக்கு அருகே காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் 1922ல் மயிலாப்பூர் ஸ்ரீராமகிருஷ்ண மடத்துக்கு வந்து பிரமசரிய தீட்சை பெற்று, மடத்தின் பத்திரிகைகளைப் பார்த்துக்கொண்டு, 1924ல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். 1931ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றதும், பழந்தமிழ் யாழை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ இயற்றியதும் அவர்தாம். மயிலையில் படித்த யாழ்ப்பாணத்து இளைஞரும், நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்ற தஞ்சை நாதஸ்வரக்காரரும், சென்னையில் அச்சாகி யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் படிக்கப்பட்ட வாரப் பத்திரிகைகளும் இவ்வழியை நம்பி வாழ்ந்த காலம் அது. இருகரைத் தமிழரும் ஒருவரை ஒருவர் அந்நியராக எண்ணாமல் இருந்ததற்கு மொழி ஒன்றே காரணமென்று நாம் பேசுகிறோம். மலிவான மூன்றாம் வகுப்புக் கட்டணத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

சுதந்திரம் இரு நாடுகளுக்கும் ஆறு மாத இடைவெளியில் வந்தது. அதுவரை ஒரே முடியின் கீழ்க் கிடந்த இரு கரைகளும் இரண்டு தேசங்களாயின. 1948ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவ்வாண்டிலேயே வந்த குடிவரவு, குடியகல்வுச் சட்டம் கடலின் நடுவே கண்ணுக்குத் தெரியாத கதவொன்றைப் பொருத்தியது. பாஸ்போர்ட், விசா, சுங்கம், நாணய மாற்று என்று துறைமேடையில் மேசைகள் பெருகின. முன்பு சுகாதார உத்தியோகஸ்தர் ஒருவருக்கு அஞ்சினால் போதும். இப்போது நால்வருக்கு அஞ்சவேண்டியதாயிற்று. கதவைத் தட்டிப் பயனில்லை என்று கண்டவர்கள் இரவில் தோணியேறினார்கள். அவர்களைக் குறிக்க எழுந்த ‘கள்ளத்தோணி’ என்ற சொல், கொழும்பு வீதிகளில் குற்றமறியாத் தமிழர் தலைமேலும் வசையாக விழுந்தது. கப்பலில் கடப்பதற்குச் சுமார் இரண்டு மணியென்றால், கப்பலேறவும் இறங்கவும் பிடித்த நேரம் சில நாள்களில் அதைவிட மிகுந்தது.

1964ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு நிகழ்ச்சிகள் இரண்டு மாதத்துக்குள் நடந்தன. அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும், மீதியிருந்த ஒன்றரை லட்சம் பேர் விஷயத்தைப் பின்பு பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. அத்தனை மக்களும் கடந்து வரவேண்டிய துறை தனுஷ்கோடி. டிசம்பர் 22ஆம் நாள் இரவு அத்துறையே இல்லாமற் போயிற்று.

அந்தமான் பக்கத்துக் கடலில் தோன்றிய புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து நள்ளிரவில் சேதுவைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததென்று கணக்கிட்டிருக்கிறார்கள். மணற்குச்சின் இரு புறத்துக் கடலும் ஒன்றாயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டி, நிலையத்துக்குச் சிறிது தூரத்தில் கைகாட்டி விழாமல் நின்று, காத்திருந்து, பின்பு இருளில் நகர்ந்தபோது பேரலை அதை மூடியது. 110 பிரயாணிகளும் 5 ஊழியர்களும் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சீட்டில்லாமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று யார் சொல்லமுடியும்? ரயில் நிலையம், சுங்கச்சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், ஆலயம், மாதாகோயில் எல்லாம் மணலில் இடிந்து கிடந்தன. ஊர் மனித வாசத்துக்குத் தகுதியற்றதென்று சர்க்கார் அறிவித்தது. இரு கடலையும் பயன்படுத்திக்கொள்வதற்காக எந்த மணற்குச்சைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதை இரு கடலும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்புத் தூலங்களை அலை அடித்துச் சென்றது. நடுவிலிருந்த ஷெர்ஸர் பகுதி மட்டும் அசையவில்லை. பழுதுபார்க்க ஆறு மாதம் வேண்டுமென்று மதிப்பிட்ட வேலையை, ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர் 46 நாளில் முடித்தார். மூழ்கிய தூலங்கள் கிடந்த இடத்தை மீனவர்கள் காட்டிக்கொடுத்ததால், புதியனவற்றுக்குக் காத்திராமல் அவற்றையே கடலிலிருந்து எடுத்துப் பூட்டினார்கள். ஒரு தேசத்தின் நிர்வாகம் தான் விரும்பினால் எவ்வளவு விரைவாக நடக்கமுடியும் என்பதற்கு இது சாட்சி. தனுஷ்கோடிப் பாதை விஷயத்தில் அந்த விருப்பம் எழவில்லை. பாதை இராமேசுவரத்தோடு நின்றது.

கப்பல் அதன்பின் இராமேசுவரத்திலிருந்தே புறப்பட்டது. அது பெண்கடலின் கரை. வாடைக்காற்றுக்கு நேர்முகமாக நிற்பது. பருவத்துக்கேற்பத் துறைமாற்றிக்கொள்ளும் சௌகரியம் தனுஷ்கோடியோடு மறைந்தது. இந்தியக் கப்பற் கழகத்தின் ‘ராமானுஜம்’ என்ற கப்பல் பின்னாளில் இவ்வழியில் ஓடிற்று. வைஸ்ராய்ப் பெயர்கள் ஒழிந்து நம் நாட்டுப் பெயர் வந்ததில் மகிழ்ச்சிதான்; ஆனால் அக்கப்பல் இறக்கிய ஜனங்களின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் அவர்கள். பிறந்த மலையையும் பெற்றோர் புதைந்த மண்ணையும் விட்டு, தாங்கள் ஒருநாளும் பார்த்திராத தாயகத்துக்குத் திரும்பியவர்கள் என்று சொல்லவேண்டும். தலைமன்னார் செல்லும் வண்டியில் அவர்களை ஏற்றிவிட்டு உறவினர் கதறியதை மலைநாட்டு எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வந்திறங்கியவர்கள் தங்கவைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம். பாட்டனைப் போகும்போது நிறுத்திவைத்த அதே இடம், பேரனை வரும்போது நிறுத்திவைத்தது. அங்கிருந்து சிலர் நீலகிரியில் அவர்களுக்கென்றே 1968ல் தொடங்கிய சர்க்கார் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள், பலர் சிதறினார்கள்.

பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப்பின் சேவை நின்றது. கப்பல் நின்றபோதிலும் கடலைக் கடப்பது நிற்கவில்லை. விசைப்படகிலும் வள்ளத்திலும் அகதிகள் வந்து இராமேசுவரக் கரையிலும் தீடைகளிலும் இறங்கினார்கள். அவர்களும் மண்டபம் முகாமுக்கே சென்றார்கள்.

போர் 2009ல் முடிந்தபின் செய்த முயற்சிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற, ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் பெருங்கப்பல் விடப்பட்டது, ஆள் சேரவில்லை, எண்ணெய்ச் செலவுக்கே கட்டுப்படியாகாமல் நவம்பரில் நின்றது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 150 பேர் ஏறும் ‘செரியபாணி’ புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால் ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். ஐப்பசியில் பெண்கடல் சீறும் என்று எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். 2024 ஆகஸ்டு முதல் தனியார் கம்பெனி ஒன்று ‘சிவகங்கை’ என்ற கப்பலை அவ்வழியில் விட்டு, மழைக்காலத்தில் நிறுத்தி, பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சுமார் 60 கடல் மைல்; தனுஷ்கோடி வழியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள டோவர் நீரிணையை எண்ணிப் பார்க்கலாம். அதன் மிகக் குறுகிய அகலமும் 21 மைல்தான். நம் சேதுக்கடலுக்கு இணை. உலகின் மிக நெரிசலான கடல்வழி அது. நாளொன்றுக்கு 400க்கு மேற்பட்ட கப்பல்கள் நீள வாட்டத்தில் செல்ல, அவற்றுக்குக் குறுக்கே பயணிகள் கப்பல்கள் ஓடுகின்றன. மோதலைத் தவிர்ப்பதற்காக 1967லேயே கடலில் போகும் வழி, வரும் வழி என்று பிரித்துவிட்டார்கள். 1936ல் ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் தள்ளி, லண்டனில் உறங்கியவரைப் பாரிஸில் எழுப்பினார்கள். 1994ல் கடலடிச் சுரங்கப்பாதை வந்தபின்பும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு உலக யுத்தங்கள் அந்த நீரைக் கலக்கியிருக்கின்றன. பனியும் மூடுமேகமும் அங்குண்டு. அவர்களுக்கு வாய்த்து நமக்கு வாய்க்காதது அமைதியான கடலன்று. யுத்தம் முடிந்த மறு ஆண்டே கப்பலை மீண்டும் விடவேண்டும் என்ற கவலை இருகரை அரசாங்கங்களுக்கும் இருந்தது; அதுதான் வேற்றுமை. இங்கே வருகிறவர்கள் கப்பலை ஒரு லாபத் தொழிலாக எண்ணித் தொடங்குகிறார்கள். முதல் மழையிலோ முதல் நஷ்டத்திலோ மூடிவிடுகிறார்கள். பாலத்துக்கும் சாலைக்கும் லாப நஷ்டக் கணக்கு கேட்காத சர்க்கார்கள், கடல்வழிக்கு மட்டும் கேட்பது எந்த நியாயத்தின்பாற்படும் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்றைய நிலைமை இது. இலங்கையார் போரில் அழிந்த தங்கள் பாதையை மீண்டும் அமைத்து, 2015 மார்ச்சு முதல் தலைமன்னார்த் துறைமேடை வரை ரயில் விடுகிறார்கள். நம் பக்கத்தில் பழைய பாம்பன் பாலம் ஓய்வுபெற்று, செங்குத்தாக உயரும் நடுப்பகுதியோடு கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. எழும்பூரிலிருந்து புறப்படும் வண்டி இராமேசுவரம் வரை செல்கிறது. அதற்கு இன்றும் போட் மெயில் என்றே பெயர். இரண்டு பக்கத்து ரயிலும் தத்தம் கரைக்கு வந்து நிற்க, நடுவே கப்பல் ஒன்றுதான் இல்லை. சோழகத்துக்கு ஒன்றும் வாடைக்கு ஒன்றுமாக இரண்டு துறைமேடைகளைத் தனுஷ்கோடியில் மீண்டும் கட்டி, அளவான கப்பல் ஒன்றை ஏழைகளுக்கு ஏற்ற கட்டணத்தில் இரு அரசாங்கங்களும் சேர்ந்து நடத்தவேண்டும். பத்தாண்டுகளுக்கேனும் லாபம் கேட்காமல் நடத்தவேண்டும்.